பண்ணை டேமில் நீலப்பச்சைப் பாசி: மருந்தடிக்கும் முன் படிக்க வேண்டியது

அக்டோபரில் வெயில் ஏறத் தொடங்கினால் ஏப்ரல் வரைக்கும் தென்னாப்பிரிக்காவில் நம் குவாசூலு-நடால் வடகரைப் பக்கத்து டேம்கள் மேல் ஒரு கண் இருக்க வேண்டும். டோங்காட், வெருலம், ஸ்டேங்கர் என்று எந்தப் பக்கம் போனாலும் கரும்புக் காட்டுக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு சின்ன டேம் கிடக்கும். காற்றில்லாத காலையில் அதன் ஓரமாகப் பச்சைப் பெயிண்டைக் கொட்டி வைத்தது போல ஒரு படலம் மிதந்தால் அலட்சியமாக இருக்காதீர்கள். நாம் நீலப்பச்சைப் பாசி என்று சொல்வது வெயிலில் தன் உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும் பாக்டீரியா. சயனோபாக்டீரியா என்பார்கள். அதில் பல வகைகள் விஷம் சுரக்கும்.

நான் தண்ணீர் ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து பாசி எண்ணும் வேலையில் பல வருடம் இருந்தவள். இப்போது டோங்காட்டுக்கு வெளியே தம்பியும் நானும் கொஞ்சம் நிலத்தில் கீரை, தன்யா என்கிற கொத்தமல்லி, பீன்ஸ், மடும்பி என்கிற சேப்பங்கிழங்கு போடுகிறோம். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் பச்சைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து, "அக்கா, இதுக்கு என்ன மருந்து போடலாம்?" என்றுதான் கேட்பார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான். பாசி மேலே வந்த பிறகு அதைக் கொல்லப் போகாதீர்கள். முதலில் அது யார் வாய்க்கும் போகாமல் தடுங்கள். அப்புறம் அது தின்கிற பாஸ்பரஸை நிறுத்துங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன், எப்படிச் செய்வது என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில், அதுதானா என்று பாருங்கள்

ஒரு குச்சியை விட்டுத் தூக்குங்கள். நூல் நூலாக, முடி மாதிரி குச்சியில் சுற்றிக்கொண்டு வந்தால் அது பெரும்பாலும் சாதாரணப் பச்சைப் பாசி. குச்சியில் ஒட்டாமல் நிறம் மட்டும் பூசியது போல் வழிந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது ஜாடிச் சோதனை. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு ஒரு கண்ணாடி ஜாடியில் முக்கால் பாகம் தண்ணீர் பிடியுங்கள். மேலே மிதப்பதை அள்ளாமல் ஒரு சாண் கீழேயிருந்து பிடிக்க வேண்டும். மூடி போட்டு, ஜாடி மேல் எழுதி ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் ஃப்ரிட்ஜில் ஓர் இரவு அசையாமல் வையுங்கள். காலையில் பச்சை எல்லாம் அடியில் தங்கியிருந்தால் கவலை குறைவு. மேலே ஏறி விளிம்பைச் சுற்றி வளையமாக நின்றால் அது நீலப்பச்சைப் பாசிதான் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் செல்லுக்குள் வாயு நிறைந்த நுண்ணிய பைகள் இருக்கின்றன, அவைதான் அதை மேலே தூக்குகின்றன.

அதே தண்ணீரில் ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், நீலப்பச்சைப் பாசியில் ஒரு வகையான மைக்ரோசிஸ்டிஸ் எப்படித் தெரியும் தெரியுமா? பொடிப்பொடியான உருண்டைச் செல்கள் நூற்றுக்கணக்கில் ஒரு கண்ணாடிக் கூழுக்குள் நெருக்கிக்கொண்டு கிடக்கும். கூட்டம் பெரிதானால் நடுநடுவே ஓட்டை விழும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் வாயுப் பை இருக்கும் இடம் கறுப்பாக மின்னும். ஃபோகஸைத் திருகத் திருக அந்தக் கறுப்பு சிவப்பாக மாறி மறுபடி கறுக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கூட்டம் விஷம் சுரக்கிறதா இல்லையா என்பதை மைக்ரோஸ்கோப்பாலும் சொல்ல முடியாது. ஒரே இனத்திலேயே சுரப்பதும் உண்டு, சுரக்காததும் உண்டு. அதனால் எல்லாவற்றையும் விஷமாகவே பாவிக்க வேண்டும்.

இன்னொன்று: ஜாடியில் மிதக்கவில்லை என்பதால் முழுக்க நம்பிவிடவும் கூடாது. சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சிஸ் என்று ஒரு வகை மேலே படலம் கட்டாமல் தண்ணீர் முழுக்கப் பரவி நிற்கும். தண்ணீர் வாரக்கணக்கில் கலங்கிய பச்சையாகவே இருந்தால் ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள். மாதிரியை ஐஸ் பெட்டியில், வெளிச்சம் படாமல், அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். பாசி எண்ணிக்கையும், அது சுரக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற விஷத்தின் அளவும் இரண்டும் வேண்டும் என்று கேளுங்கள். எண்ணிக்கை மட்டும் போதாது.

அன்றைக்கே செய்ய வேண்டியது

மாட்டையும் நாயையும் டேமிலிருந்து பிரியுங்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறதோ அதற்கு எதிர்க்கரையில்தான் படலம் ஒதுங்கிக் கெட்டியாகும். மாடு வழக்கமாக இறங்கும் துறை அந்தக் கரையில் இருந்தால் அன்றைக்கே வேலி கட்டிவிடுங்கள். போர்ஹோலிலிருந்தோ ஜோஜோ பிளாஸ்டிக் டேங்கிலிருந்தோ தொட்டியில் தண்ணீர் ஊற்றுங்கள். டேம் தண்ணீரைத் தவிர வேறு வழியே இல்லையென்றால், காற்று வரும் பக்கத்துக் கரையிலிருந்து, படலத்துக்கு நன்றாகக் கீழே, ஆனால் சேற்றைத் தொடாத ஆழத்தில் பம்ப்பின் உறிஞ்சு வாயை மிதவையில் தொங்கவிட்டு எடுங்கள். அது ஆபத்தைக் குறைக்கும், போக்காது.

மைக்ரோசிஸ்டின் கல்லீரலைத் தாக்குகிற விஷம். குடித்த மாடு தீனி எடுக்காமல் தள்ளாடும், ஈறு வெளுத்துப்போகும், சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் விழுந்துவிடலாம். பிழைத்த மாட்டுக்கும் வெள்ளைத் தோல் உள்ள இடங்கள் வெயிலில் வெந்து உரியும். அனடாக்சின் என்ற நரம்பு விஷமானால் நாய் நிமிடங்களில் இழுப்பு வந்து கிடக்கும். எதற்கும் மாற்று மருந்து கிடையாது. நாய் தண்ணீரில் விழுந்துவிட்டால் அது உடம்பை நக்குவதற்குள் குழாய்த் தண்ணீரில் கழுவி, நேராக மாட்டு டாக்டரிடம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். இந்த நாட்டுக்கு இது புதிதில்லை. 1940களின் தொடக்கத்தில் வால் அணையைச் சுற்றி ஆயிரக்கணக்கில் மாடும் ஆடும் மடிந்திருக்கின்றன. 2020இல் பக்கத்து போட்ஸ்வானாவில் 300க்கும் மேற்பட்ட யானைகள் செத்துக் கிடந்ததற்கும் அந்நாட்டு அரசு இந்தப் பாக்டீரியாவின் விஷத்தையே காரணமாகச் சொன்னது.

காய்கறிக்குப் பாய்ச்சுவதையும் நிறுத்துங்கள். முக்கியமாக ஸ்பிரிங்க்ளர். கீரையும் தன்யாவும் லெட்டூஸும் இலையோடு சாப்பிடுகிறவை. தெளித்த தண்ணீர் காய்ந்த பிறகும் விஷம் இலை மேல் நிற்கும், செடியும் கொஞ்சம் உறிஞ்சும். கழுவினால் எல்லாம் போய்விடாது. பாய்ச்சியே ஆக வேண்டும் என்றால் ட்ரிப் வழியாகக் கரும்புக்கு விடுங்கள். சந்தைக்குப் போகிற கீரைக்கு வேண்டாம்.

தைப்பூசக் காவடி வருவது பாசி உச்சத்தில் இருக்கும் கோடையில் என்பதையும் மறக்க வேண்டாம். ஆற்றங்கரையில் பூசை போட்டுக் கரகம் ஜோடிக்கிற இடத்தில் தண்ணீர் தேங்கிப் பச்சையாக இருந்தால், குளிப்பதற்கும் வாய் கொப்பளிப்பதற்கும் டேங்கரில் நல்ல தண்ணீர் ஏற்பாடு செய்யும்படி கோயில் கமிட்டிக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். விரதமிருந்து வெறும் வயிற்றோடு வருகிறவர்கள், கூடவே சின்னப் பிள்ளைகள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கொதிக்க வைத்தால் போகாதா?

போகாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராமல் கிடந்தோமே, அப்போது என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதைத்தான். காலராக் கிருமி கொதித்தால் சாகும். மைக்ரோசிஸ்டின் கிருமி அல்ல, வேதிப்பொருள். வெந்நீரில் அது அப்படியே இருக்கும். கொதிக்கும்போது செல் வெடித்து உள்ளே இருந்த விஷமும் தண்ணீரில் கலக்கும், ஆவி போகப் போக அளவு கூடவும் செய்யும்.

ஜிக் என்கிற குளோரின் பிளீச் ஊற்றினால்? குளோரின் மைக்ரோசிஸ்டினைச் சிதைக்கும் என்பது உண்மை. ஆனால் அது சுத்திகரிப்பு நிலையத்தில், செல்களை வடிகட்டி எடுத்த பிறகு, பிஎச் 8க்குக் கீழே வைத்து, குறைந்தது அரை மணி நேரம் குளோரின் நிற்கும்படி செய்தால் நடப்பது. பச்சைத் தண்ணீர் வாளியில் ஜிக்கை ஊற்றினால் முதலில் செல்தான் உடையும். அனடாக்சினைக் குளோரின் பெரிதாக ஒன்றும் செய்யாது. பெரிய நிலையங்களில் செல்லை உடைக்காமல் படியவைத்து வடிகட்டி, மிச்சத்தைப் பொடியாக்கிய ஆக்டிவேட்டட் கார்பனில் பிடித்து, கடைசியில்தான் குளோரின் போடுவார்கள். உலக சுகாதார அமைப்பு குடிநீருக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். வேறு தண்ணீர் கிடைக்கும்வரை சில நாளுக்கு மட்டும் 12 வரை. கரையில் ஒதுங்கிய கெட்டிப் படலத்தில் இது ஆயிரக்கணக்கில் இருக்கும். வீட்டு அடுப்பிலும் வாளியிலும் அந்த இடைவெளியைக் கடக்க முடியாது.

நீலக்கல் ஏன் வேண்டாம்

கோஆப்பில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு, போட்ட மூன்றாம் நாள் தண்ணீர் தெளிகிறது. அதனால்தான் நீலக்கல் என்கிற காப்பர் சல்பேட் மேல் எல்லோருக்கும் ஆசை. தெளிந்த அந்தத் தண்ணீர்தான் பயங்கரம். மைக்ரோசிஸ்டிஸ் உயிரோடு இருக்கும்வரை விஷத்தில் பெரும்பகுதி அதன் செல்லுக்குள்ளேயே இருக்கும். செம்பு பட்டதும் செல் சிதைந்து முழுவதும் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் இறங்கும். மாடு பச்சைத் தண்ணீரைக் கண்டு தயங்கும், தெளிந்த தண்ணீரைத் தயங்காமல் குடிக்கும்.

ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979இல் நடந்ததை என் வேலையில் சேர்ந்தவர்களுக்கெல்லாம் முதலிலேயே சொல்லித் தருவார்கள். சாலமன் அணையில் பாசி வந்து தண்ணீர் நாறுகிறது என்று காப்பர் சல்பேட் போட்டார்கள். சில நாளில் 148 பேருக்குக் கல்லீரலும் குடலும் பாதித்தது. பெரும்பாலோர் குழந்தைகள். நான் மேலே சொன்ன, மிதக்காத சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சிஸ்தான் அங்கே இருந்தது.

ஏற்கனவே யாராவது போட்டுவிட்டார்கள் என்றால், ஆய்வகம் மைக்ரோசிஸ்டின் இறங்கிவிட்டது என்று எழுதித் தரும்வரை அந்த டேமை மூடி வையுங்கள். வாரக்கணக்கில் ஆகலாம். செத்த பாசி அழுகும்போது தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீன் மிதக்கும். செம்பு சேற்றில் தங்கி வருடக்கணக்கில் கிடக்கும். பாஸ்பரஸும் எங்கும் போகவில்லை, அடுத்த பாசிக்குக் காத்திருக்கிறது.

ஹைட்ரஜன் பெராக்சைடு இதைவிடப் புத்திசாலித்தனமான மருந்து. நெதர்லாந்தில் ஓர் ஏரி முழுவதும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் சீராகக் கலந்து நீலப்பச்சைப் பாசியை மட்டும் அடக்கியிருக்கிறார்கள். பிறகு அது தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். ஆனால் செறிவான பெராக்சைடு தோலை எரிக்கும், கண்ணைக் குருடாக்கும். சீராகக் கலக்கப் படகும் அளவுக் கருவியும் வேண்டும். தெரிந்தவர்களை வைத்துச் செய்யலாம், கேனை வாங்கி நாமே ஊற்றக்கூடாது. டேமிலிருந்து ஓடைக்குத் தண்ணீர் போகிறதென்றால் எந்த மருந்துக்கும் முன் நீர்வளத் துறையிடம் கேட்டுவிடுங்கள்.

பார்லி வைக்கோல் சில இடத்தில் வருமுன் தடுத்திருக்கிறது, சில இடத்தில் இல்லை. வந்த பாசியை அது ஒன்றும் செய்யாது. நுண்ணுயிர் மண் உருண்டை விற்கிறார்களே, அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

படலத்தை அள்ளலாமா என்று கேட்டால், அள்ளலாம். அள்ளுகிற ஒவ்வொரு வாளியிலும் விஷமும் பாஸ்பரஸும் சேர்ந்தே வெளியே போகிறது. விடியற்காலையில், காற்று எழும் முன், ஒதுங்கிய கரையில் மிதவைக் கயிறு கட்டி வளைத்து, பூட்ஸும் நீளக் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு அள்ளுங்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள், அந்தச் சாரலை மூச்சில் இழுப்பீர்கள். அள்ளியதைக் கரையிலேயே குவித்துவிட்டு வராதீர்கள். காய்ந்த படலத்திலும் விஷம் மாதக்கணக்கில் நிற்கும், ஆடும் நாயும் அதைத் தேடிப்போய் நக்கும். மழைத் தண்ணீர் டேமுக்குத் திரும்பாத இடத்தில் குழி வெட்டி மண் போட்டு மூடுங்கள்.

பாஸ்பரஸைப் பிடியுங்கள்

1973இல் கனடாவில் 226 என்ற எண்ணுள்ள ஓர் ஏரியை நடுவில் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் மட்டும், மறு பக்கம் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் போட்ட பக்கம் மட்டும் பச்சையானது. மேலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்த பிறகு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இப்போது நம் கணக்கைப் பாருங்கள். நாம் வாங்குகிற 2:3:2 (22) உர மூட்டை 50 கிலோ. அதில் பாஸ்பரஸ் 9.4 சதவீதம், அதாவது சுமார் 4.7 கிலோ. 10,000 கன மீட்டர் தண்ணீர் பிடிக்கிற ஒரு டேம், பாசி கொழிக்கும் நிலைக்குப் போக லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பாஸ்பரஸ் தாராளம். அது மொத்தமே 1 கிலோதான். ஒரு மூட்டையில் கால் பங்குக்கும் குறைவாக மண்ணோடு அடித்துப்போனாலே டேம் கெட்டுவிடும். நம் சிவப்பு மண் பாஸ்பரஸை இறுக்கிப் பிடிப்பதால் அது தனியாகக் கரைந்து ஓடுவதைவிட, அரித்த மண்ணோடுதான் அதிகம் போகிறது. ஆகவே மண்ணை நிறுத்தினால் பாஸ்பரஸ் நிற்கும். டேமைச் சுற்றிப் பத்து மீட்டராவது உழாமல் புல் விடுங்கள். மேட்டிலிருந்து தண்ணீர் வரும் வழியில் குறுக்கே வெட்டிவேர் வரிசை நடுங்கள், கரும்புக்காரர்கள் இங்கே பல காலமாக நடுகிறார்கள். கோழி எருவை டேமுக்கு மேலே திறந்தவெளியில் குவிக்காதீர்கள். ஓர் இரவு மழை போதும். செப்டிக் டேங்க் கசிந்து அந்தப் பக்கம் ஈரமாக இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள்.

வந்ததை நிறுத்தினாலும் அடிச்சேற்றில் சேர்ந்தது இருக்கும். அடியில் ஆக்சிஜன் இல்லாமல் போனால் சேறு தன் பாஸ்பரஸை மேலே விடும். வறட்சியில் டேம் வற்றும்போது சேற்றை வெட்டியெடுத்துக் கரும்புக் காட்டில் பரப்பிவிடுவதுதான் சின்ன டேமுக்கு நல்ல வழி. டேம் ஆழமானதென்றால் அடியிலிருந்து காற்று விடும் கருவி உதவும். மைக்ரோசிஸ்டிஸ் அசையாத தண்ணீரில்தான் மேலே ஏறி ஆட்சி செய்யும், கலக்கினால் மற்றப் பாசிகள் முந்திக்கொள்ளும். ஆம்ஸ்டர்டாமின் நியூவ மேர் ஏரியில் 1993இலிருந்து அப்படித்தான் அடக்கினார்கள். ஆகஸ்டிலேயே ஓட்டத் தொடங்க வேண்டும். படலம் வந்த பிறகு ஓட்டிப் பலனில்லை. கெண்டை மீன் இருந்தால் பிடித்துவிடுங்கள், அது அடியைக் கிளறிக்கொண்டே இருக்கும்.

ஆகாயத்தாமரை இருந்தால் கவனம். அதை ஒரே மூச்சில் மருந்தடித்து அழித்தால், அழுகும் செடியிலிருந்து சத்தும் மேலேயிருந்து வெளிச்சமும் சேர்ந்து கிடைத்துப் பாசி பொங்கும். 1970களின் இறுதியில் ஹார்ட்பீஸ்பூர்ட் அணையில் ஆகாயத்தாமரையை மருந்தடித்து ஒழித்த பிறகு மைக்ரோசிஸ்டிஸ்தான் அந்த இடத்தைப் பிடித்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் இழுத்து வெளியே போடுங்கள். 1923இல் கட்டி முடித்த அந்த அணைக்குள் வடக்கு ஜோஹன்னஸ்பர்க்கின் கழிவுநீர் இன்றைக்கும் ஆறுகள் வழியே வந்துகொண்டிருக்கிறது. வருடக்கணக்கில் படலம் அள்ளினார்கள், மீன் பிடித்தார்கள், மிதக்கும் நாணல் தீவுகள் விட்டார்கள். வரத்து நிற்காததால் அணை இன்னும் பச்சையாகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் ஏரியில் 1963 முதல் 1968 வரை கழிவுநீரை முழுக்கத் திருப்பிவிட்டார்கள், 1970களிலேயே ஏரி தெளிந்துவிட்டது. ஹார்ட்பீஸ்பூர்ட்டை நினைத்தால் எனக்கு மனம் ஆறாது. நம் சின்ன டேமில் வரத்தை நிறுத்துவது நம் கையிலேயே இருக்கிறது.

வாராவாரம் ஒரு வேலை மட்டும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பெயிண்ட் டப்பாவின் மூடியை வெள்ளையும் கறுப்புமாகக் கால் கால் பங்கு தீட்டி, நடுவில் ஓட்டை போட்டு, கனத்துக்கு ஒரு நட்டு கட்டி, கயிற்றில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். மதிய வெயிலில் நிழல் பக்கத்திலிருந்து இறக்கி, எத்தனையாவது முடிச்சில் கண்ணுக்கு மறைகிறது என்று நோட்டில் எழுதுங்கள். மழையே இல்லாமல் வாரத்துக்கு வாரம் முடிச்சு குறைந்துகொண்டு வந்தால், படலம் கண்ணுக்குத் தெரியும் முன்னாலேயே மாட்டுத் தொட்டியைத் தயார் செய்துவிடலாம்.

அப்புறம் அடுத்த நடவுக்கு உரம் வாங்கும் முன் மண்ணைச் சிடாரா ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பாஸ்பரஸ் ஏற்கனவே போதும் என்று அறிக்கை வந்தால், 2:3:2 மூட்டையைக் கடையிலேயே விட்டுவிட்டு, நைட்ரஜனுக்கு பாஸ்பரஸ் இல்லாத எல்ஏஎன் உரம் மட்டும் வாங்கி வாருங்கள்.